பூட்டு தோற்கும் காட்சி

பூட்டுக்குத் தோற்கத் தெரியவில்லை. அன்றைக்குப் படப்பிடிப்புத் தளத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அதுதான் தலைவலி.

காலை ஏழு மணியிலிருந்து ஒரே காட்சி. நாயகி ஓடிவந்து எகிறி உதைக்க வேண்டும். பூட்டு பின்னால் பறந்துபோய் அட்டைப்பெட்டிக் குவியலில் விழுந்து கிடக்க வேண்டும். பூட்டின் இடுப்பில் கட்டிய ரோப்பை நாலு பேர் பிடித்து இழுக்கிறார்கள், அவளும் பறக்கிறாள். பறப்பதில் ஒரு குறையும் இல்லை. விழுவதில்தான் வம்பு. பெட்டிகள் மேல் முதுகு பட்டதுமே அவள் உடம்பு தன்பாட்டுக்குத் தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்கிறது, உருள்கிறது, கண் மூடித் திறப்பதற்குள் எழுந்து நின்று இரண்டு முஷ்டியையும் முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்கிறது.

“கட்!” என்று இயக்குநர் கத்தினார். “மேடம், நீங்க தோத்துட்டீங்க. படம் முடியப்போகுது. எந்திரிக்கக் கூடாது.”

“தெரியும் சார். எனக்குத் தெரியுது, உடம்புக்குத் தெரிய மாட்டேங்குது.”

ஆறாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்திருக்காமல் கிடந்தாள். இயக்குநர் மானிட்டரை உற்றுப் பார்த்தார். “இது தோத்த மாதிரி இல்லையே. வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுக் கண்ணசந்த மாதிரில்ல இருக்கு” என்றார். லைட்டுக்காரர்கள் முதற்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். பூட்டும் கூடவே சிரித்தாள். ஆனால் காது மடல் இரண்டும் சுட்டன.

பூட்டு என்பது வீட்டில் வைத்த பேர் இல்லை, கூண்டில் கிடைத்த பேர். குத்து, உதை, மல்லுக்கட்டு என்று எல்லாச் சண்டையும் ஒன்றாய்க் கலந்து கம்பிவலைக் கூண்டுக்குள் நடக்கிற போட்டியில் பதினைந்து முறை இறங்கியவள் அவள். பதினாலு முறை ஜெயித்தாள். அதில் ஒன்பது, எதிராளியின் கையைத் தன் இரண்டு கால்களுக்கு நடுவே மாட்டி, முழங்கையை நிமிர்த்திப் பூட்டி, ‘போதும், விடு’ என்று தட்ட வைத்து ஜெயித்தது. தட்டினால் தோல்வி; அந்த ஆட்டத்தின் சட்டம் அது. நாலு வருஷம் சாம்பியன் பெல்ட் அவள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மேலே கிடந்தது.

அம்மா அந்தப் பதினைந்தில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற வேலையில் முப்பது வருஷம் இருந்தவள் அம்மா. எந்த வண்டி எத்தனை மணி நேரம் தாமதமானாலும் குரல் பிசிறாமல் சொல்கிற மனுஷி, தொலைக்காட்சியில் மகள் கூண்டுக்குள் காலை வைத்ததுமே குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அண்ணன் கதவைத் தட்டி, “முடிஞ்சுதும்மா, ஜெயிச்சுட்டா, மூக்கெல்லாம் நல்லா இருக்கு” என்று சொன்ன பிறகுதான் தண்ணீர் நிற்கும். அண்ணன் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்தினான். தங்கைக்குத் தான்தான் மேனேஜர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டான், அவளும் மறுத்ததில்லை.

பதினைந்தாவது சண்டை ஊசியோடு. ஊசி ஒல்லி, உயரம், இடக்கைக்காரி. அதற்குள் பூட்டின் வலது தோள் தேய்ந்துபோய், ‘இதோட நிறுத்திக்கோங்க’ என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. ஜெயித்து, பெல்ட்டோடு விடைபெறலாம் என்று இறங்கினாள். இரண்டாவது ரவுண்டில் ஊசி முதுகில் ஏறி, பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டாள். பூட்டு தட்டினாள். இனி சண்டை இல்லை என்பதற்கு அடையாளமாகக் கையுறைகளைக் கழற்றிக் கூண்டின் நடுவில் வைத்துவிட்டு வந்தவள், அதன் பிறகு அந்தச் சண்டையைப் பற்றி வீட்டில் யாரையும் வாய் திறக்க விடவில்லை. வீடியோவையும் பார்க்கவில்லை. கழுத்தில் கை விழுந்தது, உடனே தட்டிவிட்டேன், ஒரு மூச்சுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை: மனசில் பதிந்திருந்தது அவ்வளவுதான். மூன்று வருஷமாக அது உள்ளே கிடந்து உறுத்தியது.

திரையில் தலைகாட்ட ஆரம்பித்தது அதற்கப்புறம். முதலில் கதவுப் பூட்டு விளம்பரம் ஒன்று. பேர்ப் பொருத்தம் பார்த்துக் கூப்பிட்டார்கள். ஒரு கதவில் சாய்ந்துகொண்டு முறைத்தால் போதும். பிறகு தொலைக்காட்சியில் சண்டை வர்ணனை. யார் பக்கமும் சாயாமல் பேசச் சொல்லி உட்காரவைத்தால், “அய்யோ, கையை உள்ள இழு, இழுடி!” என்று மைக் அதிரக் கத்தினாள், ஜனங்களுக்கு அதுதான் பிடித்துப்போனது. அதைப் பார்த்துவிட்டு சினிமாக்காரர்கள் வந்தார்கள். முதல் படத்தில் வில்லனுக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றாள். இரண்டாவதில் சிறைக்கைதி. மூன்றாவதில் பேய். சினிமா அடி நிஜ அடி இல்லை என்ற தைரியத்தில் அம்மா மூன்றையும் தியேட்டரில் போய்ப் பார்த்தாள். பேய்ப் படம் பார்த்துவிட்டு வந்து, “இதுல நீ எந்தப் பேய்டி? மாடியில நின்னதா, கிணத்துல இருந்து வந்ததா?” என்று கேட்டாள். மூன்று படத்திலும் பேச ஒரு வார்த்தை கிடையாது.

இது நாலாவது. நாயகிக்கு ஐம்பத்தொன்று வயது. இருபத்தைந்து வருஷம் கொடிகட்டிப் பறந்தவர், ஆறு வருஷ இடைவெளிக்குப் பிறகு திரும்ப வருகிறார். கதைப்படி, சரக்குக் கிடங்கில் அடைத்து வைத்திருக்கிற மகளை மீட்க ஒரு தாய் உள்ளே நுழைகிறாள். கடைசிக் கதவில் காவல் நிற்பவள் பூட்டு. வசனம்கூட உண்டு. “இதுக்கு மேல போக முடியாது.” அந்த நாலு வார்த்தையை அவள் இரண்டு வாரம் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்து, ஒரே டேக்கில் முடித்துக் கைத்தட்டும் வாங்கிவிட்டாள். தோற்பதில் வந்துதான் வண்டி நின்றுவிட்டது.

ஏழாவது டேக்குக்கு முன்னால் நாயகி கையைத் தூக்கினார். “பத்து நிமிஷம் குடுங்க” என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டு, பூட்டைப் பார்த்து, “நீங்க என்கூட வாங்க” என்று கேரவனுக்குள் கூட்டிப்போனார்.

உள்ளே ஒரு நீள சோபா, முகம் பார்க்கும் கண்ணாடி, முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிற பை. நாயகி அந்தப் பையை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“தப்பு உங்க மேல இல்ல. நான் உதைச்சு நீங்க விழுவீங்கன்னு இந்த உலகத்துல எவன் நம்புவான்? எனக்கே நம்பிக்கை இல்ல. அதான் வர மாட்டேங்குது” என்றார். பிறகு, “நெஜமாவே ஒருத்தர்கிட்ட தோத்திருக்கீங்கள்ல? எப்படித் தோத்தீங்க?”

மூன்று வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. பூட்டு தரைவிரிப்பைப் பார்த்தாள். “கழுத்துல கை விழுந்துச்சு. தட்டிட்டேன். அவ்வளவுதான் அக்கா.”

“காட்டுங்க பாப்போம்.”

“நான் பாத்ததில்ல.”

“நீங்க பாக்க வேணாம். நான் பாக்குறேன்” என்று நாயகி போனை எடுத்துத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டார். பூட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காதை என்ன செய்ய முடியும்? கூட்டத்தின் இரைச்சல், மணிச் சத்தம், வர்ணனைக்காரரின் குரல். “பிடி விழுந்துவிட்டது!” என்று அந்தக் குரல் சொன்னது. இப்போது முடிந்துவிடும் என்று பூட்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

முடியவில்லை. கூட்டத்தின் சத்தம் ஏறியது. இன்னும் ஏறியது.

“யம்மாடி!” என்றார் நாயகி. “இங்க வா நீ. வந்து பாரு இதை!”

பூட்டு திரும்பினாள். சின்னத் திரையில் ஊசி அவள் முதுகில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். கழுத்தைச் சுற்றிக் கை. பூட்டு அந்தக் கையைப் பிடித்து ஒரு தடவை பிரிக்கிறாள். மறுபடி விழுகிறது. மறுபடி பிரிக்கிறாள். மூன்றாவது தடவை இறுக்கமாக விழுகிறது. அப்போது, முகமெல்லாம் சிவந்து வீங்கின அந்தப் பெண் ஒரு முழங்காலை ஊன்றுகிறாள். இன்னொரு பாதத்தை ஊன்றுகிறாள். ஊசியை முதுகில் சுமந்தபடியே எழுந்து நிற்கிறாள். ஒரு அடி வைக்கிறாள். இரண்டு. மூன்று. கம்பிவலை வரைக்கும் போய்விட்டாள். அங்கேதான் கால் மடங்குகிறது. அங்கேதான் கை தட்டுகிறது.

“நானா இது?” என்றாள் பூட்டு.

“பின்ன நானா?”

“இல்லக்கா, நான் உடனே தட்டிட்டேன். எனக்கு ஞாபகம் இருக்கு.”

நாயகி வீடியோவைப் பின்னுக்கு இழுத்து, விநாடியைப் பார்த்துக்கொண்டே மறுபடி ஓடவிட்டார். “நாப்பத்தேழு செகண்டு. மூச்சுக் காத்து இல்லாம கெடந்தா ஞாபகம் எங்கிருந்து இருக்கும்?”

பூட்டுக்கு உடம்பெல்லாம் குப்பென்று சூடேறியது. போனை வாங்கி இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை. நாலாவது தடவை, திரையில் தன் கால் எழும்பும்போது, தொலைக்காட்சியில் கத்துகிற மாதிரியே, “எந்திரி, எந்திரிடி, அவ்வளவுதான், நட!” என்று கத்திவிட்டாள். வெளியே நின்ற ஒப்பனைக்காரப் பெண் பயந்துபோய்க் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, இதையே எடுத்துடுவோம்” என்றாள் பூட்டு. “ரோப்பும் வேணாம், அட்டைப்பெட்டியும் வேணாம். இந்தப் பிடியை நான் உங்களுக்குச் சொல்லித் தரேன். நான் எந்திரிச்சு நடக்குறேன். நடந்துட்டுத் தோக்குறேன்.”

நாயகி முழங்காலில் இருந்த பையைத் தூக்கி சோபாவில் எறிந்துவிட்டு எழுந்தார்.

ஃபைட் மாஸ்டர்தான் முதலில் முறுக்கிக்கொண்டார். நாலு நாள் உட்கார்ந்து யோசித்த சண்டை அவருடையது. “முதுகுல தொத்திக்கிட்டு நிக்கிறதுல என்னம்மா இருக்கு? ஜனங்க கொட்டாவி விடுவாங்க” என்றார். பூட்டு பேச்சு வளர்க்கவில்லை. போனை அவர் கையில் கொடுத்தாள். இரண்டாவது அடி வைக்கும்போது மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மூன்றாவது அடியில் அவர் உதவியாளர்கள் ஆறு பேரும் அவர் தோள் மேல் சாய்ந்து நின்றார்கள். முடிந்ததும் மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ரோப்பைக் கழட்டுங்கடா” என்றார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. வீடியோவில், பின்னந்தலையில் அமுக்கிய ஊசியின் இடது கை எப்படி இருந்தது என்பது தெரியவில்லை, தலைமுடி மறைத்தது. தன் விரல்கள் அந்தக் கையைத் தேடுவதும், எதுவும் கிடைக்காமல் வழுக்குவதும் மட்டும் தெரிந்தது. கேட்டால் ஒருத்தியைத்தான் கேட்க வேண்டும். பூட்டு அண்ணனிடம் நம்பர் வாங்கினாள். “யார் நம்பர்? அவ நம்பரா?” என்று அண்ணன் மூன்று முறை கேட்டான்.

போன் இரண்டு தடவை மணி அடித்ததுமே எடுக்கப்பட்டது.

“நான் பூட்டு பேசுறேன்.”

“மூணு வருஷம் ஆச்சு உனக்கு, ஒரு போன் போட” என்றாள் ஊசி.

“நீ அன்னிக்கு இடது கையை எங்க வச்சிருந்த? என் விரலுக்கு ஒண்ணுமே சிக்கலையே.”

ஊசி வாய்விட்டுச் சிரித்தாள். “விரலை ஒளிச்சு வச்சிருந்தேன். கையைத் திருப்பி, புறங்கை உன் தலையில படுற மாதிரி விட்டு, விரலெல்லாத்தையும் என் தோளுக்குள்ள செருகிட்டேன். நீ விரலைத் தேடித்தான் வருவேன்னு தெரியும். ஆறு மாசம் அதை மட்டும்தான் பழகினேன்.”

“பாவி!”

“நான் பாவியா? என்னைத் தூக்கிக்கிட்டு நடந்தியே, நீ மனுஷியா? என் கை ரெண்டும் மரத்துப்போச்சு. நீ இன்னும் ஒரு அடி வச்சிருந்தா நான் விட்டிருப்பேன். சத்தியமா விட்டிருப்பேன். இன்னிக்கும் என்கிட்ட பழக வர்ற பொண்ணுங்களுக்கு அந்த மூணு அடியைத்தான் போட்டுக் காட்டுறேன்.”

பூட்டு விஷயத்தைச் சொன்னாள்: படம், காட்சி, இந்தப் பிடி. “எடுத்துக்கவா?”

“எடுத்துக்கோ. ஆனா படத்துல என் பேர் வரணும். அந்தம்மாகிட்ட சொல்லு, முழங்கை நேரா உன் தாடைக்குக் கீழ இருக்கணும். கோணலா வச்சா நான் தியேட்டர்லயே கத்துவேன்.”

அடுத்த நாள் முழுக்க ஒத்திகை. கிடங்கு மாதிரி போட்ட செட்டின் ஒரு மூலையில் பாயை விரித்து, நாயகி பூட்டின் முதுகில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பதினெட்டுப் படத்தில் மரத்தைச் சுற்றி ஆடியிருக்கிறேன், ஒரு ஆள் மேல் ஏறியதில்லை என்றார். விரலை ஒளித்துவைக்கிற வித்தை சொல்லிக்கொடுத்ததும் சின்னப் பிள்ளை மாதிரி பூரித்துப்போய், சாப்பாட்டு நேரத்தில் ஒப்பனைக்காரப் பெண், கேமராமேன், மாஸ்டர் என்று அகப்பட்டவர் கழுத்திலெல்லாம் போட்டுப் பார்த்தார். கேமராமேன் சாம்பார் கரண்டியால் மேஜையைத் தட்டி விடுதலை வாங்கினார்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் படமெடுத்தார்கள். மூன்று கேமரா, கீழே தரை நிறத்திலேயே ஒரு பாய். வெட்டாமல் ஒரே டேக்.

“ஆக்‌ஷன்!”

முதல் பாதி வெண்ணெய் மாதிரி போனது. நாயகி குத்தை ஒதுங்கி, சுற்றிப் பின்னால் வந்து, முதுகில் ஏறினார். கை விழுந்தது. பூட்டு பிரித்தாள். மறுபடி விழுந்தது. பிரித்தாள். மூன்றாவது தடவை விழுந்தபோது அது நடிப்பு இல்லை. நாயகிக்கு வேகம் பிடித்துவிட்டது. மகளை மீட்க வந்த தாய் அவர், கேமரா ஓடுகிறது, கையில் ஆறு வருஷத்துப் பசி. முழங்கை நூல் பிடித்த மாதிரி தாடைக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. பூட்டின் கண்ணோரம் மங்கியது. விரலைத் தேடினாள், கிடைக்கவில்லை, அவளே சொல்லிக்கொடுத்தபடி ஒளிந்திருந்தன. நாயகியின் கையில் தட்டினாள். நாயகி விடவில்லை. தட்டுவதுதான் காட்சியிலேயே இருக்கிறதே! என்ன அழகாக நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் இன்னும் இறுக்கினார்.

இரண்டு பேரும் சேர்ந்து செய்த மடத்தனம் பூட்டுக்கு அந்த நொடியில் விளங்கியது. நிறுத்து என்பதற்கும் தோற்றேன் என்பதற்கும் ஒரே சைகை வைத்திருக்கிறார்கள். யாரும் வரப்போவதில்லை. கூட்டமெல்லாம் வாய் பிளந்து ரசித்துக்கொண்டிருக்கிறது.

அப்போது அவள் உடம்பு யோசித்தது. விரலைத் தேடுவதை விட்டது. எழுந்து நடக்கவும் போகவில்லை. அப்படியே உட்கார்ந்து, நாயகியின் முதுகைப் பாய் மேல் மெல்லச் சாய்த்து, இடுப்பை ஒரு பக்கமாக வழுக்கி, தோளைத் தரைக்குக் கொண்டுபோய், அந்த இடுக்கில் தலையை உருவிக்கொண்டு வெளியே வந்தது. வந்ததோடு நின்றதா? பழக்க தோஷத்தில் திரும்பி நாயகியின் மேல் ஏறி உட்கார்ந்து, அவர் வலது கையைப் பூட்டப் பிடித்துவிட்டது. பிடித்த பிறகுதான் பூட்டுக்குச் சுயநினைவு வந்தது.

“கட்! கட்! கட்!” இயக்குநர் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். “மேடம், நீங்க ஜெயிச்சுட்டீங்க! தோக்கணும் மேடம்!”

பூட்டு இருமிக்கொண்டே சிரித்தாள். சிரிப்பு அடங்கவே இல்லை. “வந்துட்டேன் அக்கா! அதுல இருந்து வெளிய வந்துட்டேன்! பாத்தீங்கள்ல?” கீழே படுத்திருந்த நாயகிக்கு நடந்தது புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. “நெஜமாவே நெரிச்சுட்டேனா? அய்யோ, என் புத்தியை...” என்று கண் கலங்கினார். இனி தொடமாட்டேன் என்று எழுந்து போகப் பார்த்தவரைப் பூட்டு கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“எங்க போறீங்க? நான் பதினஞ்சு பேர்கூட சண்டை போட்டிருக்கேன். இவ்வளவு சுத்தமா கழுத்துல கை போட்டவங்க ரெண்டே பேருதான். ஊசி ஒண்ணு, நீங்க ஒண்ணு.”

நாயகி மூக்கை உறிஞ்சினார். “நெஜமாவா?”

“தொண்டையைப் பாருங்க, சிவந்திருக்கு.”

அதற்குப் பிறகு சைகையை மாற்றினார்கள்: நிஜமாகவே விட வேண்டுமென்றால் பூட்டு வலது காலால் தரையை இரண்டு முறை உதைப்பாள், மாஸ்டர் அந்தக் காலைத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது. ஒரு மணி நேரம் ஓய்வு. வெந்நீர் குடித்தாள். பதினொன்றரை மணிக்கு இரண்டாவது டேக்.

இந்தத் தடவை எல்லாம் அமைந்துவந்தது. பிரித்தாள், விழுந்தது, பிரித்தாள், விழுந்தது. முழங்காலை ஊன்றினாள். ஒரு முழு மனுஷி முதுகில் இருக்க, பாதத்தை ஊன்றி எழுந்து நின்றாள். தளத்தில் ஒரு இருமல் கிடையாது. ஒரு அடி. அவளுக்கு ஞாபகம் இல்லாத அடி. இப்போது முழு ஞாபகத்தோடு வைத்தாள். இரண்டு. தோள் வலித்தது, வலிக்கட்டும். மூன்று. கதவுக் கம்பியைப் பிடித்தாள். நான்காவது அடியை வைத்துவிட முடியும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. வைக்கவில்லை. காலை மடித்தாள், கையைத் தூக்கினாள், நாயகியின் முழங்கையில் மூன்று முறை தட்டினாள். விழுந்து கிடந்தாள். எழுந்திருக்க வேண்டும் என்று உடம்புக்குத் தோன்றவே இல்லை.

“கட்” என்று சொல்ல இயக்குநருக்கு அரை நிமிஷம் பிடித்தது. பிறகு ஒரே கூச்சல். மாஸ்டர் பாயில் குதித்து இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். லைட்டுக்காரர் ஒருவர் மேலே பரணில் நின்று விசிலடித்தார்.

படம் வெளியான அன்று காலைக் காட்சிக்கு அம்மாவையும் அண்ணனையும் கூட்டிப்போனாள். நடு வரிசை. அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள், சினிமாச் சண்டைதானே. “இதுக்கு மேல போக முடியாது” என்று பூட்டின் குரல் தியேட்டரை நிறைத்தபோது, பக்கத்து இருக்கைக்காரரிடம், “என் பொண்ணு” என்று சொன்னாள். அவர் கேட்கவே இல்லை, ஆனாலும் சொன்னாள்.

கழுத்தில் கை விழுந்ததும் அண்ணன் அம்மாவின் காதருகே குனிந்தான். “அம்மா, இது சும்மா எடுத்தது இல்ல. கடைசிச் சண்டையில நெஜமா இப்படித்தான் நடந்துச்சு.”

அம்மாவின் கை பைக்கு மேலே அப்படியே நின்றது. திரையில் பூட்டு முழங்காலை ஊன்றினாள். அம்மா எழுந்து நின்றாள். பின்வரிசைக்காரர் “உக்காருங்கம்மா” என்றார். அம்மா காதில் வாங்கவில்லை. முப்பது வருஷம் ஆறு பிளாட்பாரத்தையும் கட்டி ஆண்ட அந்தக் குரல் முழுசாக வெளியே வந்தது.

“விடு அவளை! என் பொண்ணை விடு!”

தியேட்டர் ஒரு கணம் திகைத்து, பிறகு குபீரென்று சிரித்தது. அதற்குள் யாரோ பூட்டை அடையாளம் கண்டுவிட்டார்கள். “இங்கதான் உக்காந்திருக்காங்கடா!” என்று ஒரு குரல். திரையில் அவள் ஒரு அடி வைத்தாள். நாலு பேர் கைதட்டினார்கள். இரண்டாவது அடிக்குப் பாதித் தியேட்டர். மூன்றாவது அடிக்கு, கதைப்படி அவள் தோற்க வேண்டியவள் என்பதையே மறந்துவிட்டு, எல்லோரும் எழுந்து நின்று கத்தினார்கள். நாயகி ஜெயித்தபோதும் அதே கூச்சல். யார் பக்கம் என்றே தெரியாத அப்படியொரு சத்தத்தைப் பூட்டு எந்தக் கூண்டிலும் கேட்டதில்லை. படத்தின் முடிவில் பேர்கள் ஓடின. ஃபைட் மாஸ்டரின் பேருக்குக் கீழே, ‘கழுத்துப் பிடி: ஊசி’ என்று தனி வரியில் வந்தது. பூட்டு அதைப் போட்டோ பிடித்து அனுப்பினாள். “முழங்கை பரவாயில்லை” என்று பதில் வந்தது.

வெளியே வந்து ஆட்டோகிராஃப், செல்ஃபி எல்லாம் முடிந்து காரில் ஏறினார்கள். அண்ணன் வண்டியை எடுத்ததும் அம்மா, “அத்தனை நேரமா நின்ன நீ?” என்றாள்.

“நாப்பத்தேழு செகண்டும்மா.”

“நான் குழாயைத் தொறந்துவிட்டுட்டு உள்ள உக்காந்திருந்தேன்.” அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். “மத்ததெல்லாம் இருக்கா? வீடியோ?”

“எதும்மா?”

“மிச்சம் பதினாலும்தான். வீட்டுக்குப் போனதும் போடு.”

போட்டார்கள். அன்றைக்கு மத்தியானம் சமையல் நடக்கவில்லை, ரொட்டியும் டீயும்தான். அம்மா தொலைக்காட்சிக்கு இரண்டடி தூரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எதிராளிகள் ஒவ்வொருத்தியையும் வாய்க்கு வந்தபடி ஏசி, முடிவு தெரிந்த சண்டைகளுக்கெல்லாம் நகத்தைக் கடித்தாள். ஐந்தாவது சண்டையில் மகளின் மூக்கில் ரத்தம் வந்தபோது, “மூக்கு நல்லா இருக்குன்னு சொன்னியேடா!” என்று அண்ணன் முதுகில் ஒன்று வைத்தாள்.

இரண்டு மாசம் கழித்து மாஸ்டர் போன் செய்தார். புதுப் படம், பஸ் டெப்போவில் பெண் தொழிலாளர்கள் நாற்பது பேர் மோதுகிற சண்டை. தன்னால் ஒண்டியாக முடியாது, கூட நின்று அமைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். பூட்டு ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு.

திங்கட்கிழமை காலை, வரிசையாகப் பஸ்கள் நின்ற பெரிய கொட்டகையில் நாற்பது பெண்கள் காத்திருந்தார்கள். ஒல்லியாக, உயரமாக ஒருத்தி தோள்பையோடு உள்ளே வந்தாள். அந்தக் கூண்டுக்குப் பிறகு இருவரும் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கைகுலுக்கலாமா, கட்டிப்பிடிக்கலாமா என்று இருவருக்கும் தெரியவில்லை. பூட்டு கையில் வைத்திருந்த தாளை நீட்டினாள்.

“முதல் ஆள் பஸ் படிக்கட்டுல இருந்து குதிக்கிறா. ரெண்டாவது ஆள் கீழ நின்னு பிடிக்கிறா.”

ஊசி பையை இறக்கினாள். தாளைப் பார்த்தாள், படிக்கட்டைப் பார்த்தாள். “குதிச்சா பிடிக்க முடியாது. இறங்கும்போது காலை வாரணும்.”

“காலை வாரினா மண்டை உடையும்.”

“நீ இங்க நில்லு. நான் மேல போறேன்” என்று ஊசி செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டிரண்டு படியாக ஏறினாள். நாற்பது பேரும் பஸ்ஸைச் சுற்றி நெருங்கி வந்தார்கள்.